பதில்: பிஎஸ்4-ல சைபர்பங்க் திணறுது, கரண்ட்டும் போகுது, வேற என்ன வாங்கலாம்?

அண்ணா, சோனியோட பழைய பிஎஸ்4 மெஷினுக்கு சைபர்பங்க் 2077 கேம் டிஸ்க் வாங்கினது திக்கித் திக்கி ஓடுதுன்னு எழுதியிருக்கீங்க. டர்பன் சாட்ஸ்வொர்த்துல கரண்ட் போனா ஆடினதெல்லாம் போச்சுன்னும் சொல்றீங்க.

டிஸ்க்ல கோளாறு இல்லை. 2020 டிசம்பர்ல வந்தப்போ அது ஓடின லட்சணத்துக்கு சோனியே தன் ஆன்லைன் கடையிலிருந்து தூக்கிட்டாங்க. 2021 ஜூன்லதான் திரும்ப வந்துச்சு. அப்டேட் எல்லாம் போட்டீங்கன்னா ஓரளவு தேறும். கேம்ல வர்ற நைட் சிட்டி பிரமாதமான ஊருதான், ஆனா அந்த மெஷின்ல கார்ல வேகமாப் போனா கட்டடமெல்லாம் மங்கலா வந்து அப்புறம்தான் தெளியும். அதோட கூடுதல் கதையான ஃபேண்டம் லிபர்ட்டி பிஎஸ்4-க்கு வரவேயில்லை, அதுக்குக் காசு கட்டிடாதீங்க.

ஸ்டார்டியூ வேலிங்கிற விவசாய கேம் எனக்கு உயிர். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். கேம்ல நம்ம ஆள் படுத்துத் தூங்கினாத்தான் சேவ் ஆகும். செடிக்கெல்லாம் தண்ணி ஊத்தி, மீன் பிடிச்சு, வாசல்ல கால் வைக்கும்போது கரண்ட் போனா அன்னிக்குப் பாடுபட்டதெல்லாம் கோவிந்தா. கால் மணி நேர வேலைதான், ஆனா எரிச்சல் தாங்காது.

ஹேடீஸ்ங்கிற சண்டை கேம் வாங்குங்க. ஒவ்வொரு அறைக்குள்ள நுழையும்போதும் சேவ் ஆயிடும், போனா அந்த ஒரு சண்டைதான் போகும். செத்தாலும் கதை நகரும்கிறதால அலுக்காது.

கூட்டமா ஆட ப்ரோஃபோர்ஸ்னு ஒரு சுடுற கேம் இருக்கு, நம்ம கேப் டவுன் கம்பெனி ஃப்ரீ லைவ்ஸ் செஞ்சது. ஒரே டிவியில நாலு பேர் ஆடலாம். ரத்தம் தெறிக்கும், பொடிசுங்க இருந்தா வேணாம்.

இன்னொன்னு, கரண்ட் போற ஊர்ல மெஷினை ரெஸ்ட் மோட்ல, அதாவது அரைத் தூக்கத்துல, விட்டுட்டுத் தூங்கப் போகாதீங்க. சேவ் பண்ணி, முழுசா ஆஃப் பண்ணிடுங்க.