காற்று எந்தப் பக்கம் போகிறது?

கேள்வி: மகனுக்கு மினி ஐடிஎக்ஸ் என்கிற சின்ன அளவு கேபினெட்டில் ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்தேன். வெயில் காலமாயிற்றே என்று பின்பக்கம் கூடுதலாக ஒரு 120 மி.மீ. ஃபேன் வாங்கிப் போட்டோம். அதற்கப்புறம்தான் சூடு அதிகமாகிவிட்டது! கேம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பிராசஸர் 95 டிகிரியைத் தொடுகிறது, படம் திக்கித் திக்கி ஓடுகிறது. பின்பக்க வலையில் தூசி வேறு அப்பிக்கொள்கிறது. ஃபேன் பழுதா? சிவப்பு, கறுப்பு ஒயரை மாற்றிக் கொடுத்துப் பார்க்கலாமா?
- ஈரோடு வாசகர்

பதில்: ஒயரில் கை வைக்காதீர்கள் சார். பொம்மைக் காரின் மோட்டார் என்றால் பேட்டரியைத் திருப்பிப் போட்டதும் எதிர்ப்பக்கம் சுற்றும். இது பிரஷ் இல்லாத மோட்டார். எந்தக் காயிலுக்கு எப்போது கரண்ட் போக வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட்தான் முடிவு செய்கிறது. ஒயரை மாற்றினால் ஃபேன் சுற்றாது, சர்க்யூட் கருகினாலும் கருகும்.

ஃபேன் நல்ல ஃபேன்தான். திருப்பி மாட்டியிருக்கிறீர்கள். நீங்கள் போகிறபோக்கில் சொன்ன தூசிதான் சாட்சி. காற்று உள்ளே நுழைகிற வலையில்தான் தூசி அப்படி அப்பும். வெளியேறுகிற வலையில் பெரிதாகச் சேராது. பிராசஸர் மேல் உயரமான டவர் கூலர் இருந்தால் அது பெரும்பாலும் பின்பக்கம் பார்த்துத்தான் சூட்டைத் தள்ளும். உங்கள் புது ஃபேன் அதற்கு எதிரே நின்று உள்ளே ஊதுகிறது. பெரிய கேபினெட்டாக இருந்தால் காற்று வேறு வழி பார்த்துக்கொள்ளும். இந்தச் சின்னப் பெட்டியில் எங்கே போகும்? அதே சூட்டைக் கூலர் மறுபடி இழுக்கிறது. பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது, படம் திக்குகிறது.

ஃபேனைக் கழற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் இறக்கைகள் திறந்து அழகாகத் தெரியும். மறுபக்கம் மோட்டாரைத் தாங்கும் மூன்று, நான்கு கால்கள், நடுவில் வோல்ட் போட்ட ஸ்டிக்கர். காற்று வெளியே வருவது இந்தக் கால்கள் உள்ள பக்கம். சில ஃபேன்களில் சட்டத்தின் ஓரத்தில் இரண்டு அம்புக்குறி இருக்கும்: ஒன்று சுற்றும் திசை, இன்னொன்று காற்றின் திசை. (அழகுக்காக இறக்கையை மாற்றி வடித்த ‘ரிவர்ஸ்’ ஃபேன்களும் இப்போது கிடைக்கின்றன. அவற்றில் கால்களை நம்பாமல் அம்புக்குறியை மட்டும் நம்புங்கள்.) அழகான பக்கம் வெளியே தெரியட்டும் என்று மாட்டுவதுதான் வழக்கமாக நடக்கிற கூத்து. கம்ப்யூட்டரின் முதுகை யார் சார் பார்க்கப்போகிறார்கள்?

பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, கால்கள் உள்ள பக்கம் வெளியே பார்க்கும்படி மாட்டுங்கள். இந்தப் பக்கத்து ஓட்டைகளில் இதுவரை ஸ்க்ரூ ஏறியிருக்காது. பிளாஸ்டிக்கில் புதிதாக மரை வெட்டிக்கொண்டு போவதால் முறுக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். ஒன்றை முழுசாக முறுக்கிவிடாமல் நான்கையும் பாதிப் பாதி ஏற்றி, அப்புறம் இறுக்குங்கள். ஒயர் வரும் மூலை, மதர்போர்டில் அந்த ஒயரைச் செருகும் இடத்தைப் பார்த்து இருக்கட்டும், ஒயர் தொங்கினால் இறக்கையில் உரசும். ஓடவிட்டு, ஒரு டிஷ்யூ பேப்பரைப் பின் வலையருகே பிடியுங்கள். ஒட்டிக்கொள்ளக் கூடாது, பறக்க வேண்டும்.

கேபினெட்டின் அடியிலும் மேலேயும் ஃபேன் இருந்தால், அடியில் உள்ளது உள்ளே இழுக்கட்டும், மேலே உள்ளது வெளியே தள்ளட்டும். கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலும் அடிக்காற்றைத்தான் குடிக்கும். அதனால் பெட்டியை மெத்தை மேல் வைக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தால் சூடு குறைகிறது. அப்படியே விட்டுவிடலாமா?
- நாகர்கோவில் வாசகி

பதில்: சூடு குறைகிறது என்றால் உங்கள் கேபினெட்டிலும் காற்று போகிற வழியில்தான் கோளாறு. மேலே ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதையே செய்து பாருங்கள். மூடியை மட்டும் மாட்டிவிடுங்கள் அம்மா, நம் ஊர்ப் பல்லிகளுக்கு வெதுவெதுப்பான இடம் என்றால் கொள்ளை ஆசை.