தொட்டியை முழுதாகக் கழுவுவதுதான் வினை

கேள்வி: உச்சிப்புளி பக்கம் முண்டு மிளகாய் போடுகிறேன். பிள்ளைகளுக்காக 2 அடி கண்ணாடித் தொட்டியில் 8 கோல்டு ஃபிஷ் விட்டிருக்கிறோம். ஞாயிறுதோறும் தண்ணீரைக் கொட்டி, கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, பவளத் துண்டு, ஃபில்டர் பஞ்சு எல்லாம் தேய்த்துக் கழுவி, போர் தண்ணீர் நிரப்புகிறோம். செவ்வாய், புதன் ஆனால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன, ஒன்றிரண்டு செத்தும் போகின்றன. என்ன மருந்து போடலாம்?

பதில்: மருந்து வேண்டாம். மீனைக் கொல்வது நோயல்ல, ஞாயிற்றுக்கிழமைக் கழுவல்தான் என்று தோன்றுகிறது.

மீன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிச்சத் தீனியும் அழுகி அதையே தரும். வயலில் போட்ட யூரியா அம்மோனியாவானதும் அதை நைட்ரேட் ஆக்குகிற நுண்ணுயிர்களின் இனம்தான் தொட்டியிலும் வேலை செய்கிறது. ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் வழவழப்பாக ஒட்டியிருப்பதில் அவையும் இருக்கின்றன. அழுக்கு என்று நினைத்து வாராவாரம் அதைத்தான் தேய்த்து எடுத்துவிடுகிறீர்கள். மறுபடி நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் அம்மோனியா ஏறிச் செவுளைப் புண்ணாக்கும், மீன் மூச்சுக்குத் தவிக்கும்.

சிப்பியும் பவளமும் சுண்ணாம்புச் சத்து. தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து காரத்தன்மையைக் கூட்டும். காரம் கூடினால் அதே அளவு அம்மோனியா இன்னும் கொடிய நஞ்சு. இரண்டையும் எடுத்துவிடுங்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவது, செத்த துண்டானாலும் கரையிலிருந்து எடுத்து வரக்கூடாது. மன்னார் வளைகுடாவின் பக்கத்திலேயே இருக்கிற நாம் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

சரி, இனி எப்படி? வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். பஞ்சைக் குழாயடியில் கழுவாமல், எடுத்த பழைய தொட்டித் தண்ணீரிலேயே மெல்லப் பிழிந்து வையுங்கள். சோப்புத்தூள் பக்கமே போக வேண்டாம். போர் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கிறதா? அப்படியானால் பாதிக்குப் பாதி கேன் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். வெறும் கேன் தண்ணீரில் தாது உப்பு குறைவு, அதை மட்டும் ஊற்றாதீர்கள். காவிரிக் குடிநீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

அப்புறம், உங்கள் தொட்டி 55 லிட்டர் அளவுதான் கொள்ளும். அதில் 8 கோல்டு ஃபிஷ் மிக அதிகம், வளர்ந்தால் சாண் நீளம் போகிற மீன். நம் வெயிலில் சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை நிழலில் உள்ள பெரிய சிமெண்ட் தொட்டிக்கு மாற்றுங்கள். கண்மாயில் விட்டுவிடாதீர்கள். அடுத்து வாங்கும்போது மோலி வாங்குங்கள், லேசான உப்பையும் நம் சூட்டையும் நன்றாகத் தாங்கும்.

இப்போதைக்கு இரண்டு நாள் தீனி போடாதீர்கள், மீன் தாங்கும். ஒரு வாரம் தினமும் கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள், ஏர் பம்ப் இரவும் ஓடட்டும். அதன் பிறகு தீனி, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவுக்கு மட்டும்.