சிகரெட்டை விட்டபின் ஏறும் எடை

அன்புள்ள ஐயா,

சிகரெட்டை விட்டு இன்றோடு 74 நாட்கள் ஆகின்றன. இருபத்திரண்டு வருடப் பழக்கம். ஒரு நாளைக்கு இருபதுக்குக் குறையாது. மருந்து எதுவும் இல்லாமல் ஒரே நாளில் நிறுத்தினேன். காலை இருமல் போய்விட்டது, மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. ஆனால் மூன்றரை கிலோ ஏறிவிட்டேன். பழைய பேண்ட் ஒன்றுகூட இடுப்பில் நிற்கவில்லை. போன வாரம் முதல் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். அதிலிருந்து சிகரெட் நினைப்பு முதல் வாரத்தில் வந்தது போலவே வருகிறது. கூட வேலை செய்யும் ஒருவர், "நீ தம் அடித்துக்கொண்டிருந்தபோதே நன்றாக இருந்தாய்" என்றார். தினம் இரண்டே இரண்டு மட்டும் பிடித்து, எடை இறங்கியதும் அதையும் விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. எடை ஏறாமல் இருக்க வேறு என்னதான் வழி?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

இன்று இரவு சாப்பிடுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

இரவுச் சாப்பாட்டை நிறுத்தியதிலிருந்து சிகரெட் நினைப்பு திரும்பிவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி அதுதான். பசியும் புகைக்கான தவிப்பும் உடம்பில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வந்து நிற்கும். வயிற்றில் ஒரு வெறுமை, விரல்களில் ஒரு பரபரப்பு, எதிலும் மனம் ஒட்டாமல் போவது, காரணமில்லாமல் எல்லோர் மீதும் எரிச்சல். இருபத்திரண்டு வருடமாக அந்த உணர்வு தலைகாட்டும்போதெல்லாம் ஒரு சிகரெட்டைக் கொடுத்தே அடக்கி வந்திருக்கிறீர்கள். இப்போது பட்டினி கிடந்தால் உடம்பு கேட்பது சாப்பாட்டைத்தான். ஆனால் உங்கள் காதில் அது சிகரெட் என்றே விழும்.

எனக்கு இது நடந்திருக்கிறது. முதல்முறை விட்டபோது இரண்டு மாதத்தில் நான்கு கிலோ கூடினேன். பயந்துபோய், காலையில் ஒரு பழம், மதியம் பாதிச் சாப்பாடு, இரவு வெறும் தண்ணீர் என்று இறங்கிவிட்டேன். பதினோராம் நாள் மாலை, வேலை முடிந்து வரும் வழியில், என்ன செய்கிறோம் என்ற யோசனையே இல்லாமல் ஒரு பாக்கெட் வாங்கினேன். அதை மறுபடி விட மூன்று வருடம் பிடித்தது. இரண்டாம் முறை எடைப்பக்கமே போகவில்லை. தைத்த சட்டைகளைப் பிரித்துவிட்டேன், பேண்ட்டை மாற்றினேன். அந்த முறைதான் நிலைத்தது.

என் ஒருவனுடைய அனுபவத்தை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. 1992இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், புகையை விடுகிறவர்களுக்குக் கூடவே எடைக்கட்டுப்பாட்டுப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். எடை ஏறுவது நிற்கவில்லை, அதோடு அந்தப் பயிற்சி பெறாதவர்களைவிட இவர்களில் அதிகம் பேர் புகைக்குத் திரும்பிவிட்டார்கள். 2001இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பெண்களிடம் இன்னொரு முயற்சி நடந்தது. ஒரு குழுவிடம் உணவைக் குறைக்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவிடம் எடையைப் பற்றிய பயத்தை மட்டும் பேசித் தணித்தார்கள், கொஞ்சம் கூடினால் கூடட்டும் என்றார்கள். பயம் தணிந்தவர்கள்தான் அதிகமாகப் புகையில்லாமல் நீடித்தார்கள். வருடக் கடைசியில் எடையும் அவர்களுக்கே குறைவாகக் கூடியிருந்தது.

சரி, எடை ஏன் ஏறுகிறது? நிகோடின் இரண்டு வேலை செய்துகொண்டிருந்தது. ஒன்று, உடம்பின் அடுப்பை எப்போதும் சற்றுத் தூண்டியே வைத்திருந்தது. 1986இல் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒரே ஆட்கள் 24 சிகரெட் பிடித்த நாளில், பிடிக்காத நாளைவிடச் சுமார் 10 சதவீதம் கூடுதலாக எரித்தார்கள். ஏறக்குறைய 200 கலோரி. இன்னொன்று, மூளையில் பசியைக் கவனிக்கும் ஹைபோதலாமஸ் பகுதியில் 'போதும்' என்று சொல்லும் நரம்புச் செல்களை அது தட்டிவிட்டுக்கொண்டே இருந்தது. இரண்டும் ஒரே நாளில் நின்றுவிட்டன. அதே நேரத்தில் நாக்கும் மூக்கும் விழித்துக்கொள்கின்றன, எல்லாமே புதிதாக ருசிக்கிறது. எடை ஏறுவதை உங்கள் மனவுறுதிக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 74 நாள் தாக்குப்பிடித்தவரிடம் மனவுறுதியைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை.

மருந்தில்லாமல் விட்டவர்களின் எடையைப் பல ஆய்வுகளிலிருந்து தொகுத்து 2012இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்டது. சராசரியாக மூன்றாம் மாதம் 2.9 கிலோ, பன்னிரண்டாம் மாதம் 4.7 கிலோ. முதல் மூன்று மாத வேகம் அப்படியே தொடர்வதில்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் சராசரியைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். இன்னொன்றையும் பாருங்கள்: ஒரு வருடம் கழித்து 16 சதவீதம் பேர் எடை குறைந்திருந்தார்கள். 13 சதவீதம் பேருக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. ஆளுக்கு ஆள் இவ்வளவு வேறுபடுகிறது என்றால், நம் கையில் இருப்பதும் கொஞ்சம் உண்டு.

அந்தக் கொஞ்சம் எங்கே இருக்கிறது? என் கணிப்பில், சாப்பாடு முடிகிற இடத்தில். புகைப்பவருக்குச் சாப்பாட்டை முடித்துவைப்பது சிகரெட்தான். கை கழுவுவார், எழுவார், வெளியே போவார், பற்றவைப்பார். அதோடு அந்த வேளை முடிந்தது. விட்டபின் அந்த முற்றுப்புள்ளி காணாமல் போகிறது. நான் தட்டின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தது நன்றாக நினைவிருக்கிறது. வயிறு நிறைந்துவிட்டது, கை காய்ந்துவிட்டது, ஆனாலும் எழ முடியவில்லை. சாப்பாடு இன்னும் முடியவில்லை என்றே தோன்றும். அதனால் இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொள்வேன், பிறகு இனிப்பாக ஏதாவது தேடுவேன். தினமும் இரண்டு வேளை இப்படி நடந்தால் மாதத்துக்கு ஒரு கிலோ எங்கிருந்து வருகிறது என்று கேட்கவே வேண்டாம்.

ஆகவே சாப்பாட்டுக்கு வேறொரு முடிவைப் பழக்குங்கள். கடைசிக் கவளம் உள்ளே போனதும் எழுந்துவிட வேண்டும், தட்டைத் தானே கழுவ வேண்டும், பல் துலக்க வேண்டும், அப்படியே பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். பல் துலக்கியபின் வாய் எதையும் கேட்காது. இது அற்பமாகத் தெரியலாம். எனக்கு வேறெதையும்விட இதுதான் உதவியது.

நடப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். புகைத் தவிப்பு ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் வடிந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தை வாயால் கடந்தால் எடை, காலால் கடந்தால் நடை. பத்து நிமிட வேகநடையே தவிப்பைத் தணிக்கிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. நாளுக்கு முக்கால் மணி நேரம் சேர்ந்துவிட்டால், சிகரெட் எரித்துக்கொண்டிருந்த அந்த 200 கலோரியும் ஏறக்குறைய ஈடாகிவிடும். நடையின் பலன் முதல் மாதம் எடைக்கருவியில் தெரியாது. வருடக் கடைசியில் தெரியும். அதுவரை நிறுத்தாதீர்கள்.

கைக்கும் வாய்க்கும் ஏதாவது வேலை வேண்டும் என்பது உண்மை. அதற்காக மேசையில் பிஸ்கட்டும் மிட்டாயும் வைக்காதீர்கள். நறுக்கிய கேரட், வெள்ளரி, சர்க்கரையில்லாத சூயிங்கம், தண்ணீர், இவையே போதும். விட்ட புதிதில் பலருக்கு மலச்சிக்கலும் வரும், வயிறு உப்பும், அதையும் தொப்பை என்று எண்ணிப் பயப்படுவார்கள். காய்கறியும் தண்ணீரும் அதற்கும் மருந்து.

காபி விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. சிகரெட் புகையிலுள்ள சில பொருட்கள் காஃபினைக் கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி செய்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்துவிடும். நீங்கள் அதே நான்கு கோப்பை குடித்தாலும் இரத்தத்தில் முன்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபின் நிற்கும். படபடப்பு, தூக்கமின்மை, அதைத் தொடர்ந்து நள்ளிரவில் அலமாரியைத் திறப்பது. காபியைப் பாதியாக்குங்கள். சர்க்கரையும் தானாகவே பாதியாகும். மனநோய்க்கான சில மருந்துகளும் இதே வழியில்தான் கரைகின்றன. அப்படி ஏதாவது எடுத்துக்கொள்பவர்கள் சிகரெட்டை விட்டதை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும், அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

இனிமேல் விடப்போகிற நண்பர்கள் யாராவது இதைப் படித்தால்: நிகோடின் சூயிங்கம், புகையை விட உதவும் பியூப்ரோபியான் மாத்திரை போன்றவை, பயன்படுத்தும் காலம்வரை எடை ஏறுவதைத் தள்ளிப்போடுகின்றன. முதலில் பழக்கத்தை வெல்லவும், பிறகு எடையைப் பார்க்கவும் அவகாசம் கிடைக்கிறது. மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

இப்போது அந்த இரண்டு சிகரெட். வேண்டாம். நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்குக்கூட, இருபது பிடிப்பவருக்குக் கூடுகிற மாரடைப்பு அபாயத்தில் ஏறக்குறைய பாதி வந்துவிடுகிறது என்று 2018இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. அது நாளுக்கு ஒன்றுக்கே. இருபத்திரண்டு வருடம் இருபது பிடித்த கை இரண்டில் நிற்காது, அது உங்களுக்கே தெரியும். புகை இடுப்பைக் காப்பாற்றும் என்பதும் பாதிதான் உண்மை. ஒரே எடையுள்ள இருவரில் புகைப்பவருக்குத்தான் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு அதிகம் சேரும் போக்கு உண்டு. இந்த எண்ணம் நம் தலைக்குள் தானாக வந்ததும் இல்லை. 1928இல் லக்கி ஸ்ட்ரைக் என்ற சிகரெட்டை ஒரு அமெரிக்க நிறுவனம், இனிப்பை எடுக்காதீர்கள், சிகரெட்டை எடுங்கள் என்று மெலிய விரும்பும் பெண்களைக் குறிவைத்து விளம்பரம் செய்து விற்றது. உங்களிடம் பேசிய அந்த சகஊழியர் தன்னையறியாமல் அந்த விளம்பரத்தைத்தான் ஒப்பித்திருக்கிறார். எனக்கு அவர் மீது கோபம் இல்லை, அந்த விளம்பரத்தின் மீது உண்டு.

கூடிய எடை இதயத்துக்குக் கெடுதல்தானே என்று கேட்பீர்கள். 2018இல் வெளியான இன்னொரு பெரிய அமெரிக்க ஆய்வு இதையே பார்த்தது. எடை நிறையக் கூடியவர்களுக்கு முதல் சில வருடங்கள் சர்க்கரை நோய் அபாயம் ஏறி, பிறகு இறங்கியது. ஆனால் எவ்வளவு கூடியவராக இருந்தாலும், தொடர்ந்து புகைத்தவர்களைவிட இதய நோயால் இறக்கும் அபாயம் அவருக்குக் குறைவாகவே இருந்தது. ஆகவே சர்க்கரை அளவை வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எடைக்கருவியில் வாரம் ஒருமுறைக்கு மேல் ஏறாதீர்கள்.

ஆறாவது மாதம் தாண்டட்டும். தவிப்பு அநேகமாக அடங்கியிருக்கும், நடை பழகியிருக்கும். அப்போது உணவில் கை வைக்கலாம், அதுவும் மெதுவாக. அதுவரை ஒரு அளவு பெரிய பேண்ட் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழையவற்றை மடித்து, தினமும் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். அடுத்த கடிதத்தில் எடையை எழுத வேண்டாம், எத்தனையாவது நாள் என்று மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்.