இரண்டு பக்க இசை

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொல்லித்தான் எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டின் ‘ஃபூர் அலினா’ என்ற பியானோ படைப்பைக் கேட்டேன். பியானோவில் ஐந்தாம் கிரேடு முடித்தவன் நான். நோட்டேஷனை எடுத்து வைத்ததும் அப்படியே வாசித்துவிட்டேன், மொத்தமே இரண்டு பக்கம். இதில் என்ன இருக்கிறது என்று இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? உண்மையிலேயே புரியாமல்தான் கேட்கிறேன்.

கே.

அன்புள்ள கே,

வாசித்துவிட்டீர்கள், சரி. அடியில் வரும் அந்த முதல் பி சுரத்தை அழுத்தியபின் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்?

பேர்ட் எளிமையிலிருந்து தொடங்கியவர் இல்லை. சோவியத் எஸ்தோனியாவில், பன்னிரண்டு சுரங்களுக்கும் சம இடம் தரும் பன்னிரு சுர முறையில் சிக்கலாக எழுதிக்கொண்டிருந்தவர். 1968இல் எஸ்தோனியத் தலைநகர் தாலினில் அவருடைய ‘க்ரேடோ’ அரங்கேறியது, ‘இயேசு கிறிஸ்துவை விசுவசிக்கிறேன்’ என்று லத்தீனில் கோரஸ் பாடியது அதிகாரிகளுக்குப் பொறுக்கவில்லை, அந்தப் படைப்பு முடக்கப்பட்டது. ஆனால் அவர் அடங்கிப்போனதற்கு அது மட்டுமே காரணம் இல்லை, கையிலிருந்த இசை மொழியே அவருக்குத் தீர்ந்துபோயிருந்தது. அப்புறம் எட்டு வருடம், நடுவில் 1971இன் மூன்றாம் சிம்ஃபனி போன்ற ஒன்றிரண்டைத் தவிர, பழைய கிரகோரியன் தேவாலயப் பாடல்களைப் படிப்பதும் நோட்டுப் புத்தகம் நோட்டுப் புத்தகமாக ஒற்றை மெட்டுகளை எழுதிப் பார்ப்பதுமாகவே போனது. நாற்பது வயதில் ஒருவர் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்குவதை நினைத்துப் பாருங்கள். அதிலிருந்து 1976இல் வந்ததுதான் நீங்கள் வாசித்த இரண்டு பக்கம். இங்கிலாந்துக்குப் போய்விட்ட ஒரு பெண்ணுக்காக எழுதியது, அவளுடைய அம்மா எஸ்தோனியாவிலேயே.

இப்போது நோட்டேஷனை மறுபடி எடுங்கள். வலது கை பி மைனர் ஸ்கேலில் நடமாடுகிறது, இடது கை பி, டி, எஃப் ஷார்ப் என்ற மூன்று சுரங்களைத் தாண்டுவதில்லை. ஒரு கை அலைகிறது, இன்னொன்று வீட்டிலேயே இருக்கிறது. மணியோசையை நினைத்து இந்த முறைக்கு டின்டினபுலி என்று பெயர் வைத்தார். அந்த முதல் பி-க்கு அடுத்த பகுதியில் ஒரு சின்னச் சுரமும் ஒரு நீளச் சுரமும், அடுத்ததில் இரண்டு சின்னது, இப்படி ஏழு வரை ஏறிவிட்டு அதே மாதிரி இறங்குகிறது. இறங்கும் வழியில் ஒரே ஓர் இடத்தில் இடது கை அந்த மூன்றை விட்டுவிட்டு சி ஷார்ப்பைத் தொடுகிறது. அங்கே பேர்ட் ஒரு பூ வரைந்திருக்கிறார், பார்த்தீர்களா? அந்த ஒரு சுரம் உங்களைத் தூக்கிவாரிப்போட வேண்டும் என்றால் அதுவரை ஒவ்வொரு சுரத்தையும் முழுசாகக் கேட்டிருக்க வேண்டும். வேகமாக வாசித்தால் அது வெறும் சி ஷார்ப்.

கோரஸ் படைப்புகளிலும் இதே கண்டிப்புதான். 1982இல் முடித்த ‘பாசியோ’, யோவான் நற்செய்தி சொல்லும் இயேசுவின் பாடுகள், எழுபது நிமிடத்துக்குக் கிட்ட. அதில் ஒரு சொற்றொடர் முடியும் இடத்தில் சுரம் எவ்வளவு நீள வேண்டும் என்பதை அங்கே இருப்பது காற்புள்ளியா முற்றுப்புள்ளியா என்பதுதான் தீர்மானிக்கிறது. தன் ரசனையைக்கூட வசனத்துக்குக் கீழே வைத்துவிட்டார் மனிதர், எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

இன்று ராத்திரி மின்விசிறியை நிறுத்திவிட்டு, பெடலில் கால் வைத்து, அந்த பி சுரத்தை மட்டும் அழுத்துங்கள். வலது கை அவசரப்படும், விடாதீர்கள். பூ வரும் இடத்தில் என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.