பிலிப்பைன்ஸ் பாப் ரசிகர்கள் தங்களுக்குள் பேசும் பாஷை எல்லாம் கே-பாப்பிலிருந்து வந்ததுதானா?

மேல்பூச்சு மட்டும் கொரியாவுடையது. பயஸ் (குழுவில் மிகப் பிடித்தவர்), ஸ்டான் (தீவிர ரசிகர்), கம்பேக் (புதுப் பாட்டோடு திரும்பி வருவது), லைட்ஸ்டிக் (கச்சேரியில் அசைக்கும் ஒளிக்கோல்), போட்டோகார்டு (நட்சத்திரத்தின் படம் போட்ட சிறு அட்டை) எல்லாம் உலகம் முழுக்கக் கே-பாப் ரசிகர்கள் புழங்கும் சொற்கள்தான். கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் அடியில் இருப்பது மணிலாவின் தெருப்பேச்சு. நான் துபாயில் வேலை பார்க்கிறேன். என் பிரிவில் பாதிப் பேர் பிலிப்பினோக்கள். அதில் பலர் எஸ்பி19 என்ற ஆண்கள் குழுவின் கட்சி அல்லது பினி என்ற பெண்கள் குழுவின் கட்சி. மதிய இடைவேளையில் காதைக் கொடுத்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் உறவுமுறை. கொரியக் குழுக்களில் கடைக்குட்டியை மங்நே என்பார்கள். எஸ்பி19-இன் ஜஸ்டினையும் பினியின் ஷீனாவையும் இவர்கள் 'புன்சோ' என்கிறார்கள். வீட்டில் கடைசிப் பிள்ளைக்குச் சொல்லும் அதே சொல். மூத்தவர்கள் ஆத்தே, கூயா, அதாவது அக்கா, அண்ணன். (என்னையும் கூயா என்றுதான் கூப்பிடுகிறார்கள், தலை நரைத்ததால் மறுக்க முடியவில்லை.) ரசிகைகள் ஒருவரையொருவர் 'மார்ஸ்' என்று அழைப்பது 'குமாரே'யின் சுருக்கம். பிள்ளையைப் பெற்றவளும் அதற்கு ஞானத்தாயாக நின்றவளும் ஒருவரையொருவர் கூப்பிடும் முறை அது. ஸ்பானியர்கள் விட்டுப்போன சொல் இன்று கச்சேரி டிக்கெட் வரிசையில் நிற்கிறது.

குழுக்களின் ரசிகர் பெயர்களிலும் இதே கைவேலைதான். எஸ்பி19 2018 அக்டோபரில் அறிமுகமான ஐந்து பேர் குழு. அவர்களை உருவாக்கிப் பயிற்சி கொடுத்தது ஒரு கொரிய நிறுவனத்தின் பிலிப்பைன்ஸ் கிளை. ரசிகர்களின் பெயரை எய்ட்டீன் என்று உச்சரிக்க வேண்டும், ஏனென்றால் பத்தொன்பதுக்கு முன்னால் வருவது பதினெட்டு. எழுத்தில் (A'TIN) பார்த்தால் அது பிலிப்பைன்ஸின் முக்கிய மொழியான தகலோக்கில் 'ஆத்தின்', அதாவது 'நம்முடையது'. தமிழ்போலவே அந்த மொழியிலும் 'எங்கள்' வேறு, 'நம்' வேறு. கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் 'நம்'தான் இது. ஐந்து பேரையும் சேர்த்து 'மஹாலிமா' என்பார்கள்: மஹால் என்றால் அன்பு, லிமா என்றால் ஐந்து. அலாமாத் என்று இன்னொரு குழு, பிலிப்பைன்ஸின் பல வட்டார மொழிகளில் பாடுபவர்கள். அவர்களுடைய ரசிகர்கள் 'மகிலிவ்', தேசிய கீதத்தின் முதல் வரியில் வரும் சொல். பினி ரசிகர்கள் வெறும் 'புளூம்'. அதில் தோண்ட ஒன்றுமில்லை.

அப்புறம் சொற்களைத் தலைகீழாக்கும் விளையாட்டு. 'லோடி' என்றால் அபிமான நட்சத்திரம். ஐடல் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் லோடி. 'பெத்மாலு' என்றால் பின்னிட்டாங்க என்ற மாதிரி. மலுபித் என்ற சொல்லின் அசைகளைக் கலைத்துப் போட்டது. பவர் 'வெர்பா' ஆகிறது. 'அதேதான்' என்ற பொருளுள்ள மிஸ்மோ 'ஓம்சிம்' ஆகிறது. 2017 வாக்கில் இவை இணையத்தில் பெரிய அலையாகப் பரவின, ஆனால் வழக்கம் அதற்கு வெகுகாலம் முந்தியது. இந்த விளையாட்டின் பெயரே தத்பலிக். தலைகீழ் என்று பொருள்படும் பலிக்தத் என்ற சொல்லைத் தலைகீழாக்கியது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ரசிகர் பேச்சின் பாதி, பிலிப்பைன்ஸ் ஓரினச்சேர்க்கையாளர் சமூகம் அழகு நிலையங்களிலும் மேடைகளிலும் வளர்த்த ரகசிய மொழியிலிருந்து வந்தது. ரசிகனை 'ஃபானே' என்பதும், தோழமையோடு 'அக்லா' (ஓரினச்சேர்க்கையாளரைக் குறிக்கும் 'பக்லா'வின் திரிபு) என்று கூப்பிடுவதும் அங்கிருந்து வந்தவைதான். அந்த மொழியில் பிரபலங்களின் பெயர்களே சொற்கள். பசிக்குத் தகலோக்கில் குதோம். அதைப் புரட்டினால் தொம்கு, அதை இழுத்தால் டாம் ஜோன்ஸ். வேல்ஸ் பாடகருக்கும் பசிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பொறாமை என்றால் நடிகை ஜெல்லி டி பெலன், ஏனென்றால் ஆங்கிலக் கொச்சையில் பொறாமைக்கு ஜெல்லி. மஹால் என்பதற்கு அன்பு தவிர விலை அதிகம் என்றும் பொருள் உண்டு, ஆகவே டிக்கெட் விலை ஏறினால் அமெரிக்கப் பாடகி மஹாலியா ஜாக்சன். களைத்துத் தலை கலைந்து நின்றால் ஹகார்டோ வெர்சோசா, நடிகர் கார்டோ வெர்சோசாவின் பெயரில் களைத்துப்போன என்று பொருள்படும் ஹகார்ட் என்ற ஆங்கிலச் சொல்லைச் செருகியது. தோற்றுப்போனால் பழைய நடிகை லுஸ் வால்டெஸ், ஏனென்றால் லுஸ் என்பது தோற்பதைக் குறிக்கும் ஆங்கில 'லூஸ்' போல ஒலிக்கிறது.

பினி கச்சேரிக்கு ஆன்லைன் விற்பனை நடந்த அன்று என் பக்கத்து மேசைப் பெண் இரண்டு கைபேசி, ஒரு மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் கழித்துத் தலையை நிமிர்த்தி, 'லுஸ் வால்டெஸ், கூயா' என்றார். எதிர் மேசைக்காரிக்கு லோயர் பாக்ஸ், அதாவது அரங்கின் கீழடுக்கு இருக்கை, கிடைத்துவிட்டது. உடனே நாலு பக்கமிருந்தும் 'நாவோல்!' 'எல்லாருக்கும் இப்படி அமையட்டும்' என்று பொருள்படும் 'சானா ஆல்' தேய்ந்து நாவோல் ஆனது. வாழ்த்து மாதிரி இருக்கும், உள்ளே நல்ல புகைச்சல். ஜெல்லி டி பெலன் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

'சாரோட்' தெரியாமல் இவர்களோடு ஒரு நாள்கூடப் பேச முடியாது. சும்மா சொன்னேன் என்று பொருள். 'வீட்டை அடகு வைத்தாவது போவேன், சாரோட்.' உண்மையாகவே அடகு வைக்கும் யோசனை இருக்கும்போதும் சாரோட் போடலாம், அதுதான் வசதி.

பாட்டை எடைபோடும் சொற்கள் தனி. கொரிய ரசிகர்கள் நடனத்தையும் காட்சியழகையும் எவ்வளவு பேசினாலும், இங்கே குரல்தான் முதல் பரீட்சை. சந்துக்குச் சந்து கரோக்கே ஒலிக்கும் நாடு. உச்சத்தில் போய்க் கத்தாமல் முழங்குவது 'பிரித்', அதில் கைதேர்ந்தவள் 'பிரிதேரா'. நாம் சங்கதி என்கிறோமே, குரலைச் சுருட்டுவது, அது 'குலோத்'. சுருட்டை முடிக்கும் அதே சொல். மேடையில் இசைத்தட்டுப்போல அப்பழுக்கில்லாமல் பாடினால் 'பிளகாடோ'. பிளாக்கா என்றால் இசைத்தட்டு. குரல் உடைந்தால் 'பியோக்'. ஒரு பியோக் விழுந்தால் போதும், எதிர்க்கட்சி அந்த மூன்று வினாடியை வெட்டி ஒரு வாரம் சுற்றில் விடும்.

எதிர்க்கட்சி என்றதும் நினைவு வருகிறது, ரசிகர் சண்டையும் கொரிய இறக்குமதி அல்ல. 1967-இல் தவாக் நங் தாங்காலான் பாட்டுப் போட்டியில் வென்று புறப்பட்ட நோரா ஆனோரின் கூட்டம் நோரானியன்கள். நடிகை வில்மா சாந்தோஸின் கூட்டம் வில்மானியன்கள். 1970-களில் இவர்கள் போட்ட சண்டைக்கு முன்னால் இன்றைய ஹேஷ்டேக் போர் எல்லாம் ஜுஜுபி. பட்டம் கொடுக்கும் பழக்கமும் அப்போதிருந்தே உண்டு: நோரா சூப்பர்ஸ்டார், ரெஜின் வெலாஸ்கஸ் ஆசியாவின் பாட்டுக்குயில், சாரா கெரோனிமோ பாப்ஸ்டார் ராயல்டி. பினியைத் தேசத்தின் பெண் குழு என்பது அந்த வரிசையில் புதுசு.

வியாபாரப் பேச்சும் உண்டு. போட்டோகார்டு விற்பவர் படம் போட்டதும் முதலில் 'மைன்' என்று தட்டுபவருக்குச் சரக்கு. தட்டிவிட்டுப் பணம் கட்டாமல் காணாமல் போகிறவர் 'ஜாய் மைனர்', அவர் பெயர் எல்லாக் குழுக்களிலும் நாறும். யாரோ ஆசை காட்டி வாங்க வைத்துவிட்டால் 'நபுதோல்'. புதோல்-புதோல் என்பது உண்மையில் பேசி மயக்கிப் பணம் பறிக்கும் மோசடிக் கும்பலின் பெயர். சம்பளத்துக்கு முந்தைய வறண்ட நாட்கள் 'பெத்சா தெ பெலிக்ரோ', அபாயத் தேதிகள். லைட்ஸ்டிக் விற்பனை எப்போதும் அந்த நாட்களில்தான் வரும் என்பது என் பிரிவின் ஒருமித்த குற்றச்சாட்டு.

நீங்கள் இந்தக் கூட்டத்தில் புதிதாகச் சேரப் போகிறீர்கள் என்றால் லோடி, நாவோல், சாரோட் மூன்றையும் தாராளமாகப் போடுங்கள். பினி ரசிகர்களைக் கண்டால் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டி 'ஏய் கா முனா, ஏய்' (முதலில் நீ ஒரு ஏய் போடு) சொல்லுங்கள், முகம் மலரும். அக்லா மட்டும் அவர்களாக உங்களை அப்படிக் கூப்பிடும் வரை வேண்டாம். 'ஜோலோக்ஸ்' என்ற சொல்லை விளையாட்டுக்கும் எடுக்காதீர்கள். ரசனை மட்டம், ஏழைக் கும்பல் என்று இளக்காரம் செய்யும் சொல் அது. 1990-களின் பாடகி நடிகை ஜோலினா மக்தங்காலின் ரசிகர்களைக் கேலி செய்யப் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. கருவாடும் முட்டையும் தின்பவர்கள் என்ற பொருளில் வந்தது என்று இன்னொரு கதை. கொரியாவைக் காப்பியடிக்கிறார்கள் என்று எஸ்பி19-ஐ ஊரே நக்கலடித்த நாட்களை நினைவு வைத்திருக்கும் ரசிகர்களுக்கு இந்த மாதிரி ஏளனம் உறைக்கும். அதேபோல் எந்த மூத்த பாடகியையும் 'லாவோஸ்', அதாவது மார்க்கெட் போனவர் என்று சொல்லிவிடாதீர்கள். அந்த அறையில் அவருடைய ரசிகை நிச்சயம் ஒருத்தியாவது இருப்பாள், பெரும்பாலும் உங்களுக்குச் சம்பளம் போடும் கணக்குப் பிரிவு ஆத்தேவாக இருப்பாள்.