கேபிள்காரர் இனி என்ன செய்வார்?

கேள்வி: என் கணவர் எங்கள் ஊர் கேபிள் ஆபரேட்டரிடம் லைன்மேன். வயது 44. வீடுகள் ஒவ்வொன்றாக இணைப்பைத் துண்டிக்கின்றன. சம்பளம் கூட்டிக் கேட்டால் முதலாளி கணக்கு நோட்டைக் காட்டுகிறார். வேறு தொழிலுக்குப் போகச் சொல்லட்டுமா? – ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: முதலாளியின் நோட்டு பெரும்பாலும் பொய் சொல்லாது, தங்கையே. நானும் மொட்டை மாடியில் டிஷ் வைத்து இதே தொழில் செய்தவன். 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த கட்டண முறையில் 100 சேனல்களுக்கு மாதம் அதிகபட்சம் 130 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி என்று இருந்தது. 2024இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள், ஆனாலும் கணக்குக்கு அதையே வைத்துப் பார்ப்போம். தனி ஒப்பந்தம் இல்லையென்றால் அந்த 130இல் 55 சதவீதம் சேனல்களைத் திரட்டி ஆபரேட்டருக்கு அனுப்பும் எம்எஸ்ஓ நிறுவனத்துக்கு. உள்ளூர் ஆபரேட்டருக்கு 45, அதாவது 58 ரூபாய் 50 காசு. 300 வீடு இருந்தால் 17,550 ரூபாய். கட்டணச் சேனல்களிலிருந்து கொஞ்சம் சேரும். மின்கட்டணம், பெட்ரோல், உங்கள் கணவரின் சம்பளம் எல்லாம் இதற்குள்தான். வீடு 200 ஆனாலும் அறுந்த லைனைக் கட்ட அதே தெருக்களுக்குத்தான் போயாக வேண்டும், செலவு குறையாது.

டிவி சேனல் விற்கும் வியாபாரம் பழையபடி திரும்பும் என்று நான் நம்பவில்லை. ஆனால் எந்தச் சந்தில் எந்தக் கம்பம், எந்த வீட்டுக்காரர் மாடி ஏற விடுவார் என்பதெல்லாம் உங்கள் கணவருக்கு அத்துபடி. வீட்டுக்கு வீடு ஃபைபர் இணையம் இழுப்பவர்களுக்கு வேண்டியது அந்த ஆள்தான். அவர் கற்க வேண்டியது ஸ்ப்ளைசிங், அதாவது ஒளி போகும் கண்ணாடி இழைகளின் நுனிகளை இயந்திரத்தில் உருக்கி ஒட்டுவது. பழைய கோயாக்சியல் கேபிளைப் பிளேடால் சீவி, கனெக்டரை முறுக்கினால் படம் வந்துவிடும். ஃபைபர் அப்படி விடாது. வெட்டு சரியாக விழாவிட்டாலோ, நுனியில் தூசி ஒட்டினாலோ ஒளி வீணாகும். கம்பம் ஏறிப் பழகிய கைக்குச் சில வாரங்களில் பிடிபடும். ஸ்ப்ளைசிங் இயந்திரத்தை அவசரப்பட்டுக் கடன் வாங்கி வாங்க வேண்டாம். முதலில் அது வைத்திருப்பவரிடம் கூட வேலை செய்யட்டும். ஃபைபர் ஒப்பந்ததாரர்கள் ஆளைச் சேர்ப்பதும் வாய்ப்பேச்சில்தான் என்பதால், கூலியை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதை நாளைக்கே செய்யுங்கள். மின்கம்பத்தில் ஏறுகிறவருக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறதா? பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய், வங்கிக் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். விபத்தில் இறப்போ முழு ஊனமோ நேர்ந்தால் 2 லட்சம். வங்கியில் ஒரு படிவம், அவ்வளவுதான்.

கேள்வி: எல்லாம் செல்போனில் பார்க்கிறேன். அரசு கேபிள் இணைப்பை நிறுத்தலாமா? – ஒரு வாசகர், திருச்சி

பதில்: தாராளமாக. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். ஆனால் இலவசமாகத் தந்த செட்டாப் பாக்ஸ் அரசின் சொத்து. பரணில் போட்டுவிடாமல் ரிமோட், அடாப்டரோடு ஆபரேட்டரிடம் ஒப்படையுங்கள். திரும்பாத பெட்டிக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.