தியேட்டரில் திருட்டுத்தனமாக எடுத்த படம் இணையத்தில் வந்தால், எந்தத் தியேட்டர் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஃபோரன்சிக் வாட்டர்மார்க் மூலம்தான். டிஜிட்டல் புரொஜெக்டரோடு இயங்கும் மீடியா பிளாக், படத்தின் பூட்டைத் திறந்து ஓட்டும்போதே காட்சியிலும் ஒலியிலும் கண்ணுக்கும் காதுக்கும் பிடிபடாத குறியீட்டைக் கலந்துவிடும். மொத்தம் 35 பிட்: 16 பிட்டில் நேரம் (15 நிமிடக் கணக்கில்), மீதி 19 பிட்டில் கருவியின் அடையாளம். ஒவ்வொரு 5 நிமிடப் பகுதியிலும் இது முழுசாக இருக்க வேண்டும் என்பது டிசிஐ (டிஜிட்டல் சினிமாவுக்குத் தரம் வகுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் கூட்டமைப்பு) விதி. அதனால் அரை நிமிடத் துணுக்கை வைத்து உறுதியாகச் சொல்வது கடினம்.

எந்தத் திரை, எந்தக் காட்சி என்று தெரியும். எந்த இருக்கை என்று தெரியாது. ஒரு தியேட்டரின் வீடியோவோடு இன்னொரு தியேட்டரின் ஒலியை ஒட்டியிருந்தால் இரண்டையும் தனித்தனியே அலச வேண்டும். அதற்குள் முதல் வார வசூல் அடிபட்டிருக்கும். ஓடிடி உரிமையை இன்னும் விற்காத சின்னத் தயாரிப்பாளர் பாடுதான் திண்டாட்டம்.